எண் வைத்த கை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதாக இருந்தால் என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டிருப்பேன். பேயைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒருத்தி மேல் வயிறு எரிந்து என்ன செய்தேன் என்று சொல்லத்தான் வெட்கம். அதை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. அன்றன்று நேரம் குறித்து வைத்த நோட்டு இப்போதும் என் முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த ஒருத்தி என் சித்தி மகள். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். அந்த மூன்று மாதத்துக்கு வாய் நிறைய 'அக்கா' என்பாள். நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி. வீட்டில் அவளுக்குச் 'செல்லம்' என்று பெயர். எனக்கு 'முசுடு'. கூப்பிடுகிற பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒரே துணியில் இரண்டு பேருக்கும் சட்டை தைப்பார்கள். பார்க்கிறவர்கள் அவளிடம், "உனக்கு எவ்வளவு நல்லா இருக்கு!" என்பார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கும்தான்" என்பார்கள். அந்த 'உம்'மைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

பழைய புத்தகங்களையும் கிழிந்த தாள்களையும் பழுதுபார்க்கும் படிப்பு எங்களுடையது. கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிந்தபோது, வெளிநாட்டில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். பார்த்தது நான். மூன்று நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி விண்ணப்பம் எழுதியதும் நான். அனுப்பும்போது செல்லம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்ணு கொடுக்கா, சும்மா போட்டுப் பார்க்கிறேன்" என்று என் பேனாவையே வாங்கி இருபது நிமிடத்தில் எழுதி முடித்தாள். இரண்டு பேருக்கும் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் மாடிப்படி ஏறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நானும் ஏறிப்போய்க் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அந்தப் பயிற்சியின் முடிவில் ஒரே ஒரு ஆளை மட்டும் இரண்டு வருடம் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். தங்க இடம், சாப்பாடு, கையில் வேலை, பெரிய ஆளிடம் பாடம். ஒரே இடம். எனக்கு அது வேண்டும். அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

பட்டறை ஆற்றங்கரையில் இருந்தது. கல் கட்டடம், இரண்டாவது மாடி, உயரமான ஜன்னல்கள். ஒன்பது மாணவர்கள், பத்து மேஜைகள். எனக்கு ஆறாம் மேஜை. செல்லத்துக்கு எட்டு. நடுவில் இருந்த ஏழு காலி. எல்லா மேஜையிலும் அதற்குத்தான் நல்ல வெளிச்சம். அதன் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கி மேஜை மேலேயே வைத்திருந்தார்கள்.

"மேடம், நான் ஏழுக்கு மாறிக்கட்டுமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வேணாம்மா" என்றார் வாத்தியாரம்மா. அவ்வளவுதான். (அங்கே பேசியது வேறு மொழி. எனக்குப் புரிந்ததை நம் பேச்சில் எழுதுகிறேன்.) நரைத்த முடியை இழுத்துக் கட்டிய, சிரிக்காத பெண்மணி. கிழிந்த தாளைக் கையில் எடுத்தால் மட்டும் முகம் இளகும்.

வேலை இதுதான். கிழிசலின் மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய தாளைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். எலும்பில் செய்த ஒரு தட்டைக் குச்சியால் மெதுவாக இழுத்துத் தேய்க்க வேண்டும். அப்போது 'சர்ர்க்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, அறையின் கோடியில் இருக்கும் நீளமான கல் மேடைக்குக் கொண்டுபோய், மேலே கண்ணாடித் தகடு, அதன் மேல் இரும்புக் கட்டி. இரும்பின் மேல் ஒரு சீட்டு. சீட்டில் நம் மேஜை எண்ணும், வைத்த நேரமும்.

அதில் ஒரு சட்டம் உண்டு. "எண் வச்ச கைதான் எடுக்கணும்" என்றார் வாத்தியாரம்மா. "கட்டடம் தீப்பிடிச்சாலும் அடுத்தவங்க இரும்பைத் தொடக் கூடாது. நான்கூடத் தொட மாட்டேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. மூன்றாவது வாரம் நெட்டையன் என்று நாங்கள் கூப்பிட்ட பையன் சீட்டு வைக்க மறந்தான். "அது என்னோடதுதான் மேடம்" என்று கெஞ்சினான். "சீட்டு இல்லேன்னா யாரோடதும் இல்ல" என்று சொல்லிவிட்டு அதைப் பார்க்காமலேயே போய்விட்டார். அந்த வாரம் அவனுக்குப் பூஜ்யம்.

கல் மேடையின் மூலையில் ஓர் இரும்புக் கட்டி மட்டும் நாங்கள் வந்த நாளிலிருந்தே இருந்தது. மேலே விரல் தடிமனுக்குத் தூசு. மஞ்சளாகிப்போன சீட்டு. '7' என்றும், அதன் கீழே '8.52' என்றும் எழுதியிருந்தது.

"அது பழைய மாணவி ஒருத்தி வச்சது" என்றார் வாத்தியாரம்மா. "அவ வந்து எடுக்கல."

அதோடு பேச்சை மாற்றினார்.

பசை போட்ட நேரம், இரும்பு வைத்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். நான் கூடவே வேறு சிலதையும் குறித்தேன். யாருக்கும் காட்டாத பக்கங்களில். இப்படி:

'இரண்டாம் வாரம், செவ்வாய். மாலை 4.15. செல்லத்தின் தாளை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என்னுடையதைப் பார்த்து "ம்" என்றார்.'

அடுத்த வரி: 'புதன், காலை 8.10. ஏழாம் மேஜை நாற்காலி கீழே இறங்கியிருக்கிறது.'

துடைக்கிறவர்கள் இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்துவிடும் சாவிக்காரரிடம் கேட்டேன். பெரியவர். அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்தார்.

"ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டிடுவேன்" என்றார். "நீங்க எட்டே முக்காலுக்கே கிளம்பிடுங்க."

"ஏன்?"

"கிளம்பிடுங்க."

மூன்றாம் வாரம், திங்கள். மாலை 6.30. குனிந்து பசை தடவிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் சர்ர்க்… சர்ர்க்… என்று கேட்டது. நிதானமான, பழகிய கை. செல்லம்தான் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் தேய்க்கிற சத்தம்கூட என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே என்று. நிமிர்ந்தேன். செல்லம் அறையின் அந்தக் கோடியில், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எட்டாம் மேஜையில் யாரும் இல்லை.

ஏழாம் மேஜையிலும் யாரும் இல்லை.

அன்று மதியம்தான் என் அம்மா போனில் கேட்டிருந்தாள்: "செல்லம் சாப்பிட்டாளா? இளைச்சிட்டாளாமே? நல்லா பார்த்துக்கோ." நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். சின்னத்தனம்தான்.

நாலாம் வாரம், புதன். மாலை 7.50. கல் மேடையின் மூலையில் தரையெல்லாம் தண்ணீர். பழைய இரும்புக் கட்டிக்கு நேர் கீழே. மேலே பார்த்தேன். கூரையில் ஈரம் இல்லை. அந்தப் பக்கம் குழாயும் இல்லை. துணியால் துடைத்தேன். துணியில் பாசி வாடை அடித்தது. ஆற்றங்கரையில் நடக்கும்போது வருமே, அதே வாடை.

பயப்பட்டேனா என்றால், இல்லை. எனக்கு அப்போது பயப்பட நேரமில்லை. பொறாமைப்படவே நேரம் சரியாக இருந்தது.

கடைசி வாரம். ஆளுக்கொரு கிழிந்த ஓவியத் தாளைக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரவர் இரும்பை அவரவர் எடுத்துக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் அந்த ஒரு இடம். என் தாளில் ஒரு மரம். செல்லத்தின் தாளில் ஒரு படகு. இரண்டும் நடுவில் கிழிந்தவை. நான்கு நாள் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். நன்றாகவே வந்தது. பெருமையாக எட்டிப் பார்த்தேன். செல்லத்தின் படகில் கிழிசல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

வியாழன் மாலை 7.30. செல்லம் தன் தாளைக் கல் மேடையில் வைத்து, சீட்டில் '8 – 7.30' என்று எழுதினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"ம்" என்றேன்.

"உன்னோட மரம் சூப்பர்க்கா. உனக்குத்தான் கிடைக்கும் பாரு." மனசார சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. பொய்யாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அவள் விடுதிக்குக் குளிக்கப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 8.40க்கு நான் மட்டும்.

பேய் என்றால் இருட்டில் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த ஊரில் கோடையில் இருட்டே வருவதில்லை. ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணி மாதிரி வெயில். கல் மேடை முழுக்க மஞ்சள் வெளிச்சம். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதனால், தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பாய் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் திட்டம் இது. செல்லத்தின் இரும்பைத் தூக்குவது. அடியில் இருக்கும் படகை ஒற்றுத்தாளோடு எடுப்பது. அதை மூலையில் இருக்கும் ஏழின் கீழே வைப்பது. ஏழின் கீழே என்ன குப்பை இருக்கிறதோ அதை எட்டின் கீழே வைப்பது. காலையில் செல்லம் எடுத்தால் அவள் வேலை அங்கே இருக்காது. ஏழாம் இரும்பை யாரும் தொட மாட்டார்கள். படகு அங்கேயே கிடக்கும். கிழிக்கவில்லை, அழிக்கவில்லை, இடம்தான் மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8.49. செல்லத்தின் படகை எடுத்தேன்.

8.51. ஏழின் இரும்பைத் தூக்கினேன். தூசு பறந்தது. கண்ணாடியைத் தூக்கினேன்.

ஒற்றுத்தாள் ஈரமாக இருந்தது.

வருடக்கணக்காக அங்கே கிடந்த தாள். வெயில் படும் கல். ஆனால் விரலில் சில்லென்று ஒட்டியது. தூக்கியதும் தண்ணீர் வழிந்தது. சொட்… சொட்… சொட்… என்று என் செருப்பின் மேல்.

அப்போதே விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். எந்தப் பெண்ணும் ஓடியிருப்பாள். எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக் காலை அவளைச் சுற்றி எல்லோரும் கை தட்டுவது கண் முன்னால் வந்தது. ஈரத்தை ஏப்ரனில் துடைத்தேன். மாற்றி வைத்தேன்.

இரும்பை ஏழின் மேல் திரும்ப வைத்தேன். மஞ்சள் சீட்டை மேலே வைத்தேன்.

சுவர்க் கடிகாரம் 8.52.

என் போன் அதிர்ந்தது.

திரையில் 'செல்லம்'. எடுத்தேன்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். குளிக்கிறாள் போல என்று நினைத்தேன்.

"அக்கா…"

"என்னடி?"

"நீ பார்த்தேல்ல…?"

"எதை?"

"சொல்லிடுக்கா…"

வைத்துவிட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாளா? கீழே எட்டிப் பார்க்கப் போனேன்…

கிரீச்.

நாற்காலி இழுபடும் சத்தம்.

எனக்குப் பின்னால்.

திரும்பினேன்.

ஏழாம் மேஜையில் ஒருத்தி.

முதுகு தெரிந்தது. ஏப்ரன் முடிச்சு தெரிந்தது. முழங்கை வரை மடித்த சட்டை. வெயில் அவள் தோள் மேல் விழுந்திருந்தது.

குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ர்க்…

சர்ர்க்…

மேஜை மேல் தாள் எதுவும் இல்லை. வெறும் பலகை.

ஓர் அடி பின்வாங்கினேன்.

அவள் கை நின்றது.

அவள் திரும்பவில்லை. அப்படியே சொன்னாள். தமிழில். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நானும்… கவனிக்கலன்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் சாவிக்காரர் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எட்டே முக்கால்னு சொன்னேனே" என்றார். மேலே போய்ப் பார்க்கவில்லை. பூட்டினார்.

விடுதியில் செல்லம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எதுவும் தெரிந்த மாதிரி காட்டவில்லை. எனக்கு எடுத்து வைத்த சாப்பாட்டைத் தட்டால் மூடி வைத்திருந்தாள். "ஏன்க்கா இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். வெறுமனே தலையை ஆட்டினேன். அவளாகக் கேட்டால் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்று இரவு நான் கண்ணை மூடவில்லை.

வெள்ளி, காலை 9.00. எல்லோரும் கல் மேடையைச் சுற்றி நின்றோம். ஒன்றிலிருந்து வரிசையாக. நெட்டையன் நன்றாகச் செய்திருந்தான். ஆறாவது நான். என் மரத்தைப் பார்த்து வாத்தியாரம்மா தலையை ஆட்டினார். "நல்லா இருக்கு" என்றார். ஆறு வாரத்தில் முதல் தடவை. அதைக் கேட்க நான் எவ்வளவு தவம் கிடந்தேன்! அந்த நேரம் அது காதிலேயே ஏறவில்லை.

அடுத்து செல்லம். சிரித்துக்கொண்டே இரும்பைத் தூக்கினாள். கண்ணாடியைத் தூக்கினாள். ஒற்றுத்தாளைப் பிரித்தாள்.

தண்ணீர் கல் மேல் ஓடியது.

உள்ளே ஒரு பழைய ஓவியம். ஒரு பறவை. கிழிசல் ஒட்டப்பட்டிருந்தது. அழகான வேலை. ஆனால் ஆற்றில் முக்கி எடுத்த மாதிரி தொப்பலாக நனைந்திருந்தது.

வாத்தியாரம்மா மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னுது இல்ல மேடம்" என்றாள் செல்லம். குரல் உடைந்தது. "நான் படகு வச்சேன். ஏழரைக்கு வச்சேன். அக்காவும் பார்த்தா." என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "சொல்லுக்கா. நீ பார்த்தேல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாத்தியாரம்மாவும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. ஆனால் என்ன கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

'நான் கவனிக்கல.' வார்த்தை தயாராக இருந்தது. உதடு வரைக்கும் வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. அந்த இடம் எனக்கு.

பின்னால் கிரீச் என்றது.

வேறு யாரும் திரும்பவில்லை.

"நான்தான் மாத்தி வச்சேன்" என்றேன். "அவளோடது ஏழுக்குக் கீழே இருக்கு."

மனசாட்சி என்று நினைக்காதீர்கள். பயம். வெறும் பயம்.

ஏழாம் இரும்பை யாரும் எடுக்க முன்வரவில்லை. நேற்று வைத்த கை என்னுடையது. நானே எடுத்தேன். படகு காய்ந்து, மழமழவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. இடம் செல்லத்துக்குத்தான். என்னை அன்று மாலைக்குள் பெட்டி கட்டச் சொன்னார்கள்.

கிளம்பும் முன் வாத்தியாரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே கோடைப் பயிற்சிக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்களாம். கூடப் பிறந்தவர்கள். மூத்தவளுக்கு ஏழாம் மேஜை. இளையவளுக்கு எட்டு. தேர்வு நாள் காலையில் இளையவள் இரும்பைத் தூக்கினால் கீழே ஒன்றும் இல்லை. வெறும் ஒற்றுத்தாள். "வச்சேன், அக்கா பார்த்தா" என்று அழுதாளாம்.

"அக்காகிட்ட கேட்டேன்" என்றார். "கவனிக்கலன்னு சொன்னா."

இளையவள் அப்படியே இறங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்து ஆற்றில் கிடைத்தாள். தவறி விழுந்தாளா, என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த வருடம் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மூத்தவள் ஊருக்குப் போனாள். அடுத்த கோடைக்குள் அவளும் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. மேடையைச் சுத்தம் செய்யும்போதுதான், ஏழாம் சீட்டோடு இன்னோர் இரும்பு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

"கீழே என்ன இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "தூக்கிப் பார்க்கத் தைரியம் வரல. சட்டம்னு சொல்லித் தப்பிச்சுட்டேன்." மேஜை மேல் விரித்திருந்த நனைந்த பறவையைப் பார்த்தார். "இது அந்தத் தங்கச்சிக்கு நான் கொடுத்த தாள்."

வாசலில் செல்லம் என் பெட்டியோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன். ஆனால் கேட்கும்போதே, "போன் பண்ணிச் சொன்னியே, அப்பவே என்னைப் பிடிச்சிருக்கலாமே?" என்றும் கேட்டுவிட்டேன். குற்றத்தை அவள் மேலும் கொஞ்சம் தள்ளப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

"எந்த போன்?" என்றாள்.

"நேத்து. 8.52க்கு."

"என் போன் நேத்து மத்தியானமே தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. நீ திட்டுவேன்னு சொல்லல." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கறுத்த திரைக்குள் தண்ணீர் ஆடியது.

என் போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. 'செல்லம். 8.52. ஒன்பது நொடி.'

விமானத்தில் நோட்டை எடுத்துப் புரட்டினேன். நாற்காலி இறங்கிய நாட்கள், சத்தம் கேட்ட நாட்கள், தண்ணீர் நின்ற நாள். ஒவ்வொன்றுக்கும் முந்தின வரியைப் பார்த்தேன். 'செல்லத்தைப் பாராட்டினார்.' 'செல்லத்தின் தாளைக் காட்டினார்.' 'அம்மா செல்லத்தைக் கேட்டாள்.' ஒன்றுகூடத் தவறவில்லை. நான் வயிறெரிந்த நாளில் மட்டும்தான் அந்த ஏழாம் மேஜைக்காரி வந்திருக்கிறாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் விஷயம் தெரியும். மாடியிலிருந்து சித்தி இறங்குவதில்லை. செல்லம் எனக்குப் போன் செய்வதில்லை. எப்போதாவது குடும்பத்துக்குப் பொதுவாகப் படம் அனுப்புவாள். 'அக்கா' என்று அவள் கடைசியாக என்னைக் கூப்பிட்டது, "சொல்லுக்கா" என்றபோதுதான். அந்த வார்த்தைக்கு எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கிறேன்! இப்போது யாராவது தெருவில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால்கூட நின்றுவிடுகிறேன்.

போன வாரம் பட்டறையின் படம் ஒன்று வந்தது. செல்லம் ஏழாம் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வெளிச்சம். முன்னால் அவள் முடித்த ஒரு தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கிழிசல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மறைத்து என்ன, சொல்லிவிடுகிறேன். வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும்.

அதற்கு அப்புறம்தான் பின்னால் இருந்த கல் மேடையைப் பார்த்தேன்.

மூலையில் அந்தப் பழைய இரும்புக் கட்டி. கண்ணாடி. மேலே ஒரு சீட்டு. மஞ்சள் சீட்டு இல்லை. புதிது.

இன்னும் பெரிதாக்கினேன்.

என்மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் நான் கேட்டதற்குச் செல்லம் பதில் அனுப்பினாள். ஒரே பதில். அங்கே யாரும் அதை வைக்கவில்லையாம். நான் கிளம்பிய மறுநாள் காலையிலிருந்தே இருக்கிறதாம். கீழே தரையில் தினமும் ஈரமாம். யாரும் தூக்கிப் பார்க்கவில்லையாம். எண் வைத்த கைதான் எடுக்க வேண்டும், இல்லையா…

சீட்டில் '6' என்று இருக்கிறது. கீழே '8.52'.

என் கையெழுத்து.